கீறிப் பார்த்த சப்போட்டா

மே 2, வெள்ளி

ஆந்திராப் பார்ட்டி மகாலட்சுமி காலண்டர் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஒன்றிரண்டு கட்டு அல்ல, முழு லோடு. முகம் நீலம் தட்டியிருக்கிறதாம். "இது மகாலட்சுமியா, விஷம் குடிச்ச பொம்பளையா?" என்று போனில் கேட்டானாம்.

இந்தப் பிரஸ்ஸில் முப்பத்தோரு வருடமாகக் கலர் பார்க்கிறேன். கனகசபாபதி பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாள் மெஷினில் ஓடியதில்லை. சிவகாசியில் கலர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணச் சொன்னால் நான் ஒரு விரலோடு நிறுத்திவிடுவேன்.

முதலாளி சங்கரலிங்கம் என்னையும் மெஷின் ஓட்டும் மாரீஸ்வரனையும் கூப்பிட்டு விசாரித்தார். அவன் குனிந்த தலை நிமிராமல் சொன்னான்: "அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட ஷீட்டப் பக்கத்துல வச்சுத்தான் ஓட்டுனேன் மொதலாளி. மஞ்சளக் கொறைன்னாக. கொறைச்சேன்."

குறைக்கச் சொன்னேன்தான். படம் மஞ்சள் பூசிக்கொண்டு கிடந்தது, சொன்னேன். அதற்காக அடியோடு வழித்தெடுக்கச் சொன்னேனா? நான் டீ குடிக்கப் போன நேரத்தில் தன் இஷ்டத்துக்கு இங்க்கைத் திருகியிருக்கிறான். வேறென்ன?

"எழுத்துல குடுத்துருங்க அண்ணாச்சி," என்றார் முதலாளி. "சித்திரைப் பொங்கல் லீவு முடிஞ்சு தொறந்ததும் ஆளை மாத்திருவோம். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருசக் காலண்டர் சாம்பிள் ஆல்பம் வந்தாகணும்."

திரும்பி வந்த தாள் அவர் மேசைமேல்தான் கிடந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

மாரீஸ்வரனின் மூத்த பெண் இந்த வருடம் காலேஜில் சேருகிறாளாம். இங்க்கைத் திருகும் முன் அதை யோசித்திருக்கலாம்.

மே 4, ஞாயிறு

சித்திரைப் பொங்கல் லீவுக்குக் கம்பெனி டூர். போன வருடம் கொடைக்கானல், அதற்கு முந்தியது குற்றாலம். இந்த வருடம் என்ன தெரியுமா? சப்போட்டாத் தோட்டம்! முதலாளிக்குச் சொந்தக்காரர் லட்சுமிகாந்தத்தின் தோட்டமாம். "பழத்தோட்டச் சுற்றுலா, மதியச் சாப்பாட்டுடன்" என்று வாட்ஸப்பில் வந்திருக்கிறது. வெயில் நூற்று மூன்று அடிக்கிறது. மரத்தைப் பார்க்க வேன் ஏறிப் போக வேண்டுமாம்.

வீட்டுக்காரி கற்பகவல்லிக்கு ஒரே சந்தோஷம். "வீட்டுல இருந்து என்ன செய்யப் போறீக? சொவத்தப் பாத்துப் பெயின்ட்காரனத் திட்டுவீக. அதுக்கு அங்கன வாங்க." சுவர் அப்படி. வெள்ளை அடிக்கச் சொன்னால் சந்தனக் கலர் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். திட்டாமல் மாலையா போடுவார்கள்?

மே 5, திங்கள்

புகார்க் கடிதம் எழுதி முடித்தேன். ஒரே பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதைச் சொல்லியாக வேண்டும்.

மே 6, செவ்வாய்

கால் வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கூத்தை நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

காலை ஏழு மணிக்கு நாரணாபுரம் ரோட்டில் வேன் ஏறினோம். மாரீஸ்வரன் கடைசி சீட்டில் ஒண்டியாக உட்கார்ந்திருந்தான். எனக்கு வணக்கம் வைத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலையடிவாரம். தோட்டத்து வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். அதில் ஒரு பழத்தின் படம் — சப்போட்டா இல்லை, கிவி! இணையத்தில் பழுப்பாக எது கிடைத்ததோ அதை எடுத்து ஒட்டியிருக்கிறான். தன் தோட்டத்துப் பழம் எதுவென்று தெரியாதவன் ஊருக்குச் சுற்றிக் காட்டுகிறான்.

ஆளுக்கொரு ஓலைத் தொப்பி கொடுத்தார்கள். ஒரு சாண் உயரக் கிளாஸில் விரல் அளவுக்குச் சப்போட்டா ஜூஸ், மீதி ஐஸ். லட்சுமிகாந்தத்தின் மகள் கீர்த்திகா காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு வந்தாள். "இங்க நீங்க மண்ணோட பேசலாம்," என்றாள். மண் கொதித்துக்கொண்டிருந்தது. அது யாரோடும் பேசுகிற நிலைமையில் இல்லை. "ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை இருக்கு," என்றாள். ஒன்றைச் சொல்லும்மா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

மதுரையிலிருந்து இன்னொரு கூட்டம் வந்திருந்தது. அவர்கள் பழத்தைப் பறிக்கவில்லை, பழத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் உண்மையிலேயே வேலை நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் வலை கட்டிய துறட்டியால் பழம் இறக்கிக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு லோடு மதுரைக்குக் கிளம்ப வேண்டுமாம். மதுரைக் கூட்டத்தில் ஒருத்தி போய் அவர்களை நிறுத்தி, வேலை செய்வதுபோல நிற்கச் சொன்னாள். அவர்களும் நின்றார்கள்.

எங்களுக்குப் பறிக்கக் கற்றுத்தர அந்தக் கூட்டத்திலிருந்து பஞ்சம்மாள் என்பவளை அனுப்பினார்கள். நாற்பது வயதிருக்கும். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு காயைப் பறித்து நகத்தால் லேசாகக் கீறினாள்.

"கீறுன எடம் மஞ்சளா இருந்தா வெளஞ்சது. பச்சையா இருந்தா பிஞ்சு, அது பழுக்காது. மரத்துக்கு ஒண்ணத்தான் கீறணும். மிச்சத்தத் தடவிப் பாத்து எடுங்க. மேல இருக்க தவிடு உதுரணும், மூக்குல இருக்க முள்ளு விழுந்திருக்கணும்."

"அப்ப மிச்சமெல்லாம் குத்துமதிப்பா?" என்றேன்.

"கைக்குத் தெரியும் அண்ணாச்சி."

கைக்குத் தெரியுமாம்! ஒரு தாளைப் பார்த்துவிட்டு மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டால் பிரஸ் என்ன ஆகும்? மாரீஸ்வரன் ஓட்டிய லட்சுமி மாதிரி ஆகும். நான் கூடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். ஒவ்வொரு காயையும் பறித்தேன், கீறினேன், பார்த்தேன், மஞ்சள் என்று உறுதி செய்துகொண்டு கூடையில் போட்டேன். நாற்பத்தொன்று பறித்தேன். நாற்பத்தொன்றும் மஞ்சள். ஒன்றுகூடத் தவறவில்லை. கற்பகவல்லி அந்தப் பஞ்சம்மாள் பின்னாலேயே போய்த் தடவித் தடவிப் பத்துப் பன்னிரண்டு எடுத்திருந்தாள்.

பஞ்சம்மாள் என் கூடையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன அண்ணாச்சி, அம்புட்டையும் கீறி வச்சிருக்கீக! கீறுனது கறுத்துப் போகும், ஆடு மாட்டுக்குத்தான் ஆகும். அதுலயும் எல்லாம் பிஞ்சு. பச்சப் பசேல்னு இருக்கே, பாக்கலயா?"

"மஞ்சள்மா. நல்லாப் பாரு. எனக்குக் கலர் சொல்லித்தர்றியா?"

பக்கத்தில் நின்ற மாரீஸ்வரன் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்தான். கீறலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான். பிறகு, "விடுங்கக்கா, அண்ணாச்சி பாத்துத்தான் எடுத்திருப்பாக," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தான்.

எவ்வளவு பணிவு! கடிதத்துக்குப் பயந்து குழைகிறான். குழையட்டும்.

மே 7, புதன்

கற்பகவல்லி தன் பழங்களை அரிசி டிரம்மில் புதைத்தாள். என்னுடையதைப் பருப்பு டிரம்மில் போட்டாள். ஏன் தனித்தனி என்றேன். "கலந்துட்டா எது எதுன்னு தெரியாதுல்ல," என்றாள். போட்டியாம்.

மே 9, வெள்ளி

பிரஸ் திறந்தது. கடிதத்தைக் கொடுத்தேன். முதலாளி ஒரு தடவை படித்து மேசை டிராயரில் வைத்தார். பத்து மணிக்கு மாரீஸ்வரன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வாசலில் என்னைப் பார்த்து, "வாரேன் அண்ணாச்சி," என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மே 11, ஞாயிறு

அவள் பழங்கள் பழுத்துவிட்டன. நன்றாகத்தான் இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். என்னுடையவை கல். கீறல் எல்லாம் கறுத்து நிற்கிறது. எனக்கென்று மட்டமான மரமாகப் பார்த்து விட்டிருக்கிறார்கள்.

மே 13, செவ்வாய்

ஒன்றை வெட்டினேன். உள்ளே பால் கசிந்தது. வாயில் வைத்தால் பல்லெல்லாம் பசை. கிவிப் படம் போட்ட அயோக்கியர்கள் — அந்தக் கீர்த்திகாவுக்கு நாலு வரி எழுதிப் போடப் போகிறேன் என்று கற்பகவல்லியிடம் சொன்னேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "எழுத வேணாங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க பறிச்சது பூராம் பச்ச."

"மஞ்சள்! கீறிப் பாத்துத்தான எடுத்தேன்?"

"உங்களுக்கு மஞ்ச. எனக்குப் பச்ச. பஞ்சம்மாளுக்குப் பச்ச. மாரீஸ்வரனுக்கும் பச்ச."

அவன் பேச்சு இங்கே எதுக்கு என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னாள். வேனில் கூடையை வைத்துவிட்டு அவளிடம் தனியாக வந்தானாம். "மதினி, அண்ணாச்சி கண்ண ஒரு தடவ டாக்டர்கிட்டக் காட்டிருங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லாதீக. வேற யாருக்கும் தெரிய வேணாம்," என்றானாம்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! என் கண்ணையா? இவன் யாருலே என் கண்ணப் பத்திப் பேச? நேத்து மெஷின்ல ஏறுன பய! முப்பத்தோரு வருசம் — முப்பத்தோரு வருசம்! பருப்பு டிரம்மோடு தூக்கிக் குப்பையில் கொட்டினேன். பருப்பும் போச்சு.

மே 14, புதன்

அவள் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். சுவர் சந்தனக் கலராகத்தான் இருக்கிறது.

மே 19, திங்கள்

சும்மா வாயை அடைக்கத்தான் போனேன். மதுரைக் கண்ணாஸ்பத்திரியில் காலையிலிருந்து வரிசையில் உட்காரவைத்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் தன் சர்க்கரை வியாதியின் முழு வரலாற்றையும் சொன்னார்.

டாக்டர் சின்னப் பெண். இரண்டு கண்ணிலும் புரையாம். லென்ஸ் நன்றாக மஞ்சளாகிவிட்டதாம். "டீத் தண்ணி வழியாப் பாக்குற மாதிரிதான் சார். கொஞ்சம் கொஞ்சமா வந்ததால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எல்லாமே மஞ்சளாத் தெரியும், நீலம் மங்கும். என்ன வேலை பார்க்கிறீங்க?"

"பிரஸ்ல."

அங்கே என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எத்தனை வருடமாக இருக்கும் என்று மட்டும் கேட்டேன். நாலைந்து வருடம் இருக்கலாம் என்றாள். மஞ்சளைக் குறை, மஞ்சளைக் குறை — எத்தனை சாமி படத்துக்குச் சொல்லியிருப்பேன்?

இல்லை. புரை வேறு, கலர் வேறு. டாக்டருக்கு அச்சு வேலையைப் பற்றி என்ன தெரியும்?

ஜூன் 4, புதன்

இடது கண் ஆபரேஷன். வலது ஆகஸ்டில்.

ஜூன் 6, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். சுவர் வெள்ளை.

பெயின்ட்காரனை நாலு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். கற்பகவல்லியிடம் விருதுநகருக்கு மிளகாய் வத்தல் பார்க்கப் போகிறேன் என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. வாசலில் கிவி இன்னும் தொங்குகிறது. இந்த வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தனியாக ஒருவன் சுற்றுலா வந்தால் எப்படி இருக்கும்? கீர்த்திகாவே மைக்கை எடுக்க மறந்துவிட்டாள்.

சீசன் முடியப் போகிறது. மரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காய். பஞ்சம்மாள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். "ஏலே, கீறல் அண்ணாச்சி வந்துட்டாக!" என்று மற்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை நாளும் அந்தத் தோட்டத்தில் எனக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது.

"ஒரே ஒரு காய்தான்மா, பிஞ்சாக் குடு. ஒண்ணுதான் கீறுவேன்," என்றேன்.

என் குரலில் என்ன இருந்ததோ, அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் துறட்டியால் ஒன்றை இறக்கிக் கையில் கொடுத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். நகத்தால் கீறினேன். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். பச்சை. இடதை மூடிக்கொண்டு வலதால் பார்த்தேன். மஞ்சள். மறுபடி மாற்றிப் பார்த்தேன். பச்சை. மஞ்சள். கீறல் ஒன்றுதான். இந்தக் கண்ணால் பார்த்தால் மாரீஸ்வரன் சொன்னது சரி. அந்தக் கண்ணால் பார்த்தால் நான் சொன்னது சரி. ஆபரேஷன் செய்யாத கண்ணை நம்பி ஒருவனை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன்.

அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒரு தோட்டத்தில், ஓலைத் தொப்பியோடு, அழுகை வந்தது.

"கண்ணுல வெயிலு படக் கூடாதுல்ல அண்ணாச்சி, கண்ணாடியப் போடுங்க," என்றாள் பஞ்சம்மாள். லோடு ஏற்றப் போய்விட்டாள்.

ஜூன் 16, திங்கள்

முதலாளி அறையில் அந்த லட்சுமி தாளை முதல்முறையாக எடுத்துப் பார்த்தேன், இடது கண்ணால். ஆந்திராக்காரன் பாவம், மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத வெளிய விட்றாதீக. கலர் பாக்கவருக்குக் கண்ணு கோளாறுன்னு தெரிஞ்சா நாலு வருசத்துச் சரக்கையும் கேள்வி கேப்பானுக. இன்னொரு கண்ணையும் சரிபண்ணிட்டு வாங்க. உங்க எடம் உங்களுக்குத்தான்."

"மாரீஸ்வரன்?"

"அவன் மேல விழுந்தது விழுந்ததாவே இருக்கட்டும். அவனுக்கு எங்கயாவது மெஷின் கிடைக்கும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! நெற்றியில் திருநீறு வேறு. ஆனால் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். திரும்பி வந்த லட்சுமி தாள் ஒன்றை எடுத்து, வெள்ளை ஓரத்தில் எழுதினேன்: "இதைப் பாஸ் செய்தது நான். மஞ்சளைக் குறைக்கச் சொன்னதும் நான். எனக்குக் கண்ணில் புரை. மெஷின் ஓட்டியவர் மீது தவறில்லை. என் புகார் பொய். — கனகசபாபதி." கலர் பார்க்கும் மேசைக்கு மேலே, எல்லா மெஷின்காரர்களும் பார்க்கிற இடத்தில் ஒட்டினேன். பத்து மணிக்கு முதலாளி வந்து கிழித்தார். அதற்குள் ஆளாளுக்குப் போனில் படம் எடுத்துவிட்டார்கள்.

நாளையிலிருந்து காலண்டர் மேல்விளிம்பில் தகரப் பட்டை வைத்து டின் அடிக்கிற பகுதிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு அனுப்பாததே பெரிது.

ஜூன் 22, ஞாயிறு

சாத்தூர் போனேன். மாரீஸ்வரன் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் ஒரு சின்னப் பிரஸ்ஸில் இருக்கிறான். மெஷின் கிடைக்கவில்லை, தாள் வெட்டும் கட்டிங்கில் நிற்கிறான். தூசியைத் தட்டிவிட்டு வெளியே வந்தான்.

"அன்னைக்குத் தோட்டத்துலயே ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல? ஏம்லே மொதலாளிகிட்டச் சொல்லல?" மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அதட்டலாகத்தான் வருகிறது எனக்கு.

"சொன்னா உங்களுக்கு வேல போயிரும்ல அண்ணாச்சி. மெஷின்காரனுக்கு இங்கன இல்லன்னா அங்கன. கலர் பாக்கவருக்குக் கண்ணு இல்லன்னு பேராயிட்டா யாரு எடுப்பா?"

"என் தப்புதான்லே," என்றேன். "மதினி நல்லா இருக்காகளா?" என்றான்.

ஜூலை 1, செவ்வாய்

ஆல்பத்துக்கு ஒரு மாதம். புதிதாக வைத்த ஆள் முருகனுக்குப் பச்சை மீசை வரைந்தமாதிரி ஓட்டியிருக்கிறான். முதலாளி சாத்தூருக்குக் கார் அனுப்பினார். நீதிக்காக இல்லை, ஆடிப் பதினெட்டுக்காக.

ஜூலை 14, திங்கள்

டின் அடிக்கிற பெண்கள் என்னைக் 'கலரு அண்ணாச்சி' என்கிறார்கள். கேலிதான். இங்கேயும் ஒரு பெயர்.

மதியம் மாரீஸ்வரன் இரண்டு மாடி இறங்கி வந்தான். கையில் புது லட்சுமி, இங்க் காயாமல். வெளிச்சத்துப் பக்கம் பிடித்தான். "ஒரு தடவ பாருங்க அண்ணாச்சி." பெண்கள் எல்லோரும் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். பார்த்தேன். "மஞ்சளக் கொஞ்சம் கூட்டு," என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன்." மேலே போனான். அரை மணி நேரத்தில் இன்னொரு தாளோடு வந்தான். முகம் முகமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"நீ போடு," என்றேன்.

தயங்கினான். பிறகு தாளை என் மேசைமேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டான். கோழி கிளறிப் போட்ட மாதிரி இருந்தது. 'ஸ்'ஸுக்குப் புள்ளி எங்கேயோ பறந்துகொண்டிருந்தது.

சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.